தண்ணீரை எட்டிப் பார்த்தவர்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார், தண்ணீரைத்தான் பார்ப்பார். "வாங்க, உக்காருங்க" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் முற்றத்து டிரம், குளியலறைத் தொட்டி, மாடிப்படிக்குக் கீழே வரிசையாக வைத்த குடங்கள் என்று ஒரு சுற்றுப் போய்வந்துவிடும். பிறகு எழுந்து போய் மூடியைத் தூக்கி, சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அடித்து, உள்ளே எட்டிப் பார்ப்பார். ஒன்றும் இல்லையென்றால் "வடிவான தண்ணி" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து டீ குடிப்பார். உள்ளே ஏதாவது நெளிந்தால் டீ ஆறிப்போகும்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. "என்ர பேர் ஏற்கெனவே கனக்கப் புத்தகங்களில கிடக்கு தம்பி. நீங்களும் ஒண்டில எழுதாதேங்கோ" என்று அவரே ஒரு முறை சொன்னார். உண்மைதான். இலங்கையில் அரசாங்கத்திடம் ஒரு பதிவு, இயக்கத்திடம் ஒரு பதிவு, படகில் வந்து இறங்கிய கரையில் ஒன்று, ஆனைக்குட்டம் அகதி முகாமில் ஒன்று. சிவகாசி பஜாரில் நாங்கள் அவரை சிலோன் அண்ணாச்சி என்போம். பட்டாசு ஆபீசுகளில், அதாவது தொழிற்சாலைகளில், வேலை பார்க்கும் பெண்கள் நுளம்பு அண்ணாச்சி என்பார்கள். நுளம்பு என்றால் அவர் ஊர்த் தமிழில் கொசு. இப்போது அவர் கடலுக்கு அந்தப் பக்கம், வன்னியில் இருக்கிறார். நான் சொல்வது அவர் எங்களோடு இருந்த காலத்துக் கதை.

எங்களுக்கு ஜவுளிக்கடை. அத்தா காலத்திலிருந்து பஜாரில் இருக்கிறது. என் தங்கை கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொன்னபோது, முகாமிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அகதிகளுக்கு அரசாங்க வேலை கிடையாது. முகாம் ஆண்களில் பாதிப் பேர் பெயிண்ட் அடிக்கத்தான் போவார்கள். மூவரில் வயதானவர் இவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. பேண்ட் முழங்கால்வரை மடித்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி.

முதல் நாள் காலை மொட்டைமாடிக்கு ஏறியவர் அரை மணி நேரமாக இறங்கவில்லை. திடீரென்று மாடிக் குழாய் வழியாகத் தெருவில் தண்ணீர் கொட்டியது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தால், சிமெண்டுத் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டு, அவர் உள்ளே இறங்கி நின்று தேங்காய்நார் பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், உமக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? இனிப் பத்து நாளைக்குக் குழாயில தண்ணி வராதுய்யா!"

அவர் கொஞ்சமும் பதறவில்லை. "அதாலதான் அம்மா. உங்களுக்குப் பத்து நாளைக்கு ஒருக்காத் தண்ணி வருகுது. நுளம்பு முட்டையில இருந்து பறக்கிறதுக்கு ஏழு நாள் காணும்."

"அதுக்குக் கல்யாண வீட்டுத் தண்ணியக் கொட்டுவீகளா?"

"தண்ணியை மட்டும் கொட்டிக் காணாது. முட்டை சுவரில ஒட்டிக்கொண்டு கிடக்கும். தேய்க்க வேணும்."

அம்மாவுக்கு வந்த கோபத்தில் அவருக்கு இரண்டு நாள் டீ கொடுக்கவில்லை. மற்ற இருவருக்கும் கொடுத்து இவரை மட்டும் விட்டுவிடுவாள். அவர் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் முகாமின் அடிபம்பில் பிடித்த தண்ணீரை நான்கு குடங்களில் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து தொட்டியில் ஊற்றினார். ஆனைக்குட்டத்திலிருந்து எங்கள் வீடு சைக்கிளுக்குச் சாதாரண தூரம் இல்லை. இப்படி ஐந்து நாள். கடைசி நாள் என்னிடம் கிழிந்த வேட்டி ஒன்று கேட்டு வாங்கித் தொட்டியின் வாயை இழுத்துக் கட்டினார். அதோடுதான் அவருக்குக் கல்யாண வீட்டுச் சுவர் கண்ணில் பட்டது. அடித்தார், நன்றாகவே அடித்தார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டபோது, அது பழக்கம் இல்லை, உத்தியோகம் என்றார். வன்னியில் மலேரியாத் தடுப்பு இலாகாவில் களப்பணியாளராக இருந்தவர். காடும் குளமும் உள்ள ஊர்களில் மருந்துப் பம்பை முதுகில் சுமந்து வீடு வீடாகப் போன ஆள்.

"வெள்ளைக்காரன் போகேக்க எங்களுக்கு மலேரியாவையும் விட்டுட்டு, அதைப் பிடிக்கிறதுக்கு ஒரு இலாகாவையும் விட்டுட்டுப் போனவன். எங்கட ஆக்கள் நாட்டைப் பிரிக்கிற சண்டையில அந்த இலாகாவையும் ரெண்டாப் பிரிச்சுப்போட்டினம். சம்பளம் அங்கால, அரசாங்கப் பக்கம். நுளம்பு இஞ்சால."

போர் நடந்த வருடங்களில் ஒரு பக்கம் ராணுவம், மறுபக்கம் இயக்கம், நடுவில் இவர். இடது பையில் ராணுவம் கொடுத்த அனுமதிக் கடிதம், வலது பையில் இயக்கம் கொடுத்த கடிதம். ஒரு நாள் ராணுவச் சாவடியில் பை மாறிக் கையை விட்டுவிட்டார். அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு வெயிலில் முழங்காலில் நிற்க வைத்தான். ஒரு மணி நேரம் கழித்து அவனே வந்து, "நீ மலேரியா ஆளா?" என்று கேட்டானாம். அவனுடைய சிப்பாய்களில் பாதிப் பேர் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். இவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, அவர்கள் கிணற்றையும், மண்மூட்டைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரையும் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். இந்தப் பக்கம் திரும்பியதும் இயக்கப் பையன்கள், "மூண்டு மணி நேரம் ஆமியோட என்ன கதைச்சனி?" என்று கன்னத்தில் அறைந்தார்கள். அடுத்த வாரம் அவர்கள் முகாமிலும் காய்ச்சல். அவர்களும் கூப்பிட்டனுப்பினார்கள். போனார்.

"கோபம் வரலையாண்ணே?" என்று கேட்டேன்.

"வந்தது. ஆனா நுளம்புக்கு ஆமி எண்டும் பெடியள் எண்டும் தெரியாது தம்பி. அது எல்லாரையும் கடிக்கும். அப்ப நானும் எல்லாரிட்டையும் போகத்தானே வேணும்?"

சொல்லும்போது அவர் குரலில் வீரமோ தியாகமோ இருக்காது. தன் வேலையைப் பற்றித் தச்சர் பேசுவதுபோலத்தான் பேசுவார். அவர் மனைவி அதைக் கேட்டால் சிரிப்பார். "எங்கட கலியாணப் பேச்சுக்கு வந்த அண்டைக்கு இவர் என்னைப் பாக்கேல்லை. எங்கட கிணத்தைத்தான் பாத்தவர். கிணறு பிடிச்சுப் போச்சு, அதால நானும் பிடிச்சுப் போனன்."

கல்யாணம் முடிந்த பிறகும் கடைக்கு வந்துபோக ஆரம்பித்தார். துணி உருளையின் கடைசியில் மிஞ்சும் மல்துணித் துண்டுகளைக் கேட்பார். டிரம்முக்கும் தொட்டிக்கும் மூடி கட்டத்தான். பெயிண்ட் அடிக்கப் போகிற வீடெல்லாம் கட்டுவார்.

அந்த வருடம் தண்ணீர்ப் பஞ்சமும் தீபாவளி சீசனும் ஒன்றாக வந்தன. வெம்பக்கோட்டையிலும் ஆனைக்குட்டத்திலும் அணைக்கட்டின் மடியில் ஆடு மேய்ந்தது. வீட்டுக்கு வீடு நீல டிரம். கண்ட பாத்திரத்திலெல்லாம் தண்ணீர். அந்த நேரத்தில்தான் காய்ச்சல் வந்தது. முதலில் மூட்டைப் பிடிக்கும் சிக்குன்குனியா. நேற்று லோடு ஏற்றிய ஆள் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி நடந்தான். ஆபீசுகளில் பாதிப் பேர் வரவில்லை, ஆர்டர் தேங்கியது. ஆனாலும் அது ஆளைக் கொல்லவில்லை என்று எல்லோரும் தைரியமாக இருந்தார்கள். பிறகு அதோடு கலந்து இன்னொரு காய்ச்சல் வந்தது. பிள்ளைகளுக்கு ஈறில் ரத்தம் வந்தது. பேப்பரில் மர்மக் காய்ச்சல் என்று போட்டார்கள்.

"இதில என்ன மர்மம்?" என்று அவர் பேப்பரை மடித்து வைத்தார். "எங்கட ஊரிலயும் இதைக் கண்டிருக்கிறன். பகல்ல கடிக்கிற நுளம்பு. நல்ல தண்ணியில முட்டை போடுறது."

முத்துமாரி எங்கள் கடைக்கு வருடா வருடம் தீபாவளித் துணி எடுக்க வருகிறவள். பட்டாசு ஆபீசில் பாக்கெட் போடும் வேலை. அவளுடைய மாமனார் காலம்வரை கூலி விவசாயம். மழை பொய்த்ததும் குடும்பத்தோடு ஆபீஸ் வேலைக்கு மாறியவர்கள். ஆனைக்குட்டம் போகும் வழியில் ஒரு காலனியில் வீடு. அவளுடைய ஐந்து வயதுப் பையன் அந்தக் காய்ச்சலில் இறந்துபோனான். அந்தச் செய்தியை அவரிடம் நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு ஒரு நாள் முழுவதும் நினைத்தேன்.

"எந்த இடம்? நாளைக்கு ஞாயிறுதானே. என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். காலனிக்குள் நுழைந்ததும் வழக்கப்படி அவருக்கு மனிதர்கள் கண்ணில் படவில்லை. முதல் இரண்டு வீட்டில் பார்த்தார், பேசினார். மூன்றாவது வீட்டு வாசலில் நின்ற பெரிய டிரம்முக்குள் டார்ச் அடித்தார். அவர் முகம் மாறியது. யாரையும் கேட்கவில்லை. டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தார். தண்ணீர் தெரு முழுக்க ஓடியது.

அது முத்துமாரியின் வீடு. அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அவர் செய்த வேகத்தில் நான் வாய் திறக்கவில்லை.

அவள் தலைவிரி கோலமாக வெளியே வந்தாள். "ஐயோ, என் தண்ணி! லாரிக்குப் பின்னாலயே ஓடிப் பிடிச்ச தண்ணி! பிள்ளையத்தான் கொடுத்தேன், தண்ணியையுமா பறிப்பீக?"

அந்தக் கூக்குரலுக்குக் காலனியே கூடிவிட்டது. உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "யாருய்யா நீ? என்னத்தடா தண்ணிக்குள்ள போட்ட?"

"ஒண்டும் போடேல்லை ஐயா. உள்ளுக்குள்ள புழு இருந்தது..."

அந்தப் பேச்சு போதுமானதாக இருந்தது. "சிலோன்காரன்லே இவன்!" என்று யாரோ கத்தினார்கள். அப்போது இலங்கையில் சண்டை நிறுத்தம் முறிந்து மறுபடியும் குண்டு விழ ஆரம்பித்திருந்தது. படகுகள் வந்துகொண்டிருந்தன. அகதி என்றாலே போலீஸ் இரண்டு தரம் பார்க்கும் காலம். "பிள்ளை சாகுறதுக்கு முன்னாடியும் இங்கன வந்தியா? என்ன மருந்த கலந்த?" என்று அவர் சட்டையைப் பிடித்தார்கள். கட்சிக்காரர் என் பக்கம் திரும்பினார். "பாய், நீங்கதான கூட்டிட்டு வந்தீக? இவரு உங்க ஆளா?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவரு. வழியில ஏறிக்கிட்டாரு. அம்புட்டாத் தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொன்னது தனக்கும் புரிகிறது என்பதுபோல ஒரு தலையசைப்பு. அவர் என்னை அறைந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. போலீஸ் ஜீப் வந்தபோது நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அம்மா கேட்டாள், சொன்னேன். அகதி மேல் கேஸ் விழுந்தால் வேறு முகாமில் அடைத்துப் பூட்டிவிடுவார்கள், மனைவியைக்கூடப் பார்க்க முடியாது என்பதையும் சொன்னேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு, "அம்புட்டாத் தெரியாதுன்னா சொன்ன?" என்றாள். வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "எந்திரி. வண்டிய எடு."

அம்மா போலீஸ் ஸ்டேஷன் வாசலை அதற்கு முன் மிதித்ததில்லை. அவரை அடித்திருப்பார்களோ என்ற பயத்தில் நான் உள்ளே போனேன். பின்பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பிடிபட்ட வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும் முற்றத்தில், இவர் ஒரு பழைய டயரைத் தூக்கிக் குலுக்கிக்கொண்டிருந்தார். உதடு வீங்கியிருந்தது. சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கக்கூஸ் டிரம்மை பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அடியில இல்லை, மேல், மேல். தண்ணி நிண்ட கோட்டுக்கு மேல தேயுங்கோ" என்று இவர் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் டீ ஊற்றிக் குடிக்கும் வெள்ளைத் தட்டு ஒன்று. அதில் கொஞ்சம் தண்ணீர். தண்ணீருக்குள் நூல் நூலாக ஏழெட்டுப் புழுக்கள் துள்ளின.

"யாருய்யா இந்த ஆளு? உக்காருன்னா உக்கார மாட்டேங்காரு. குடிக்கத் தண்ணி கேட்டாரு, கொடுத்தா குடிக்காம பானைக்குள்ள எட்டிப் பாக்காரு. மூணு மாசமா நாங்க இதையா குடிச்சிருக்கோம்?" என்று அவர் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். அவர் ஸ்டேஷனிலும் நாலு பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள்.

அம்மா துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றாள். "ஐயா, இவரு எங்க வீட்டுத் தண்ணியையும் கொட்டுனாரு. எனக்கு அம்புட்டு ஆத்திரம். ரெண்டு நாள் பச்சத்தண்ணி கொடுக்கல. இன்னைக்கு எங்க தெருவுல வீட்டுக்கு வீடு காய்ச்சல்ல கெடக்காக. எங்க வீட்டுல ஒத்த ஆளுக்கு இல்ல. பெத்த பிள்ள செய்யாத வேலைய இவரு செஞ்சிருக்காரு. என் மகன் இவரத் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துருக்கான். நல்லாத் தெரியும். எங்க வீட்டு மனுசரு இவரு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா சார், நான்தான் கூட்டிட்டுப் போனேன். என் மேல எழுதிக்குங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் எதையும் எழுதவில்லை. கேஸ் இல்லை, ஆனால் முகாமை விட்டு வெளியே வரக்கூடாது, காலனிப் பக்கம் தலைகாட்டவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் தோளில் கை வைத்தார். "விடுங்கோ தம்பி. ரெண்டு பையிலயும் ரெண்டு கடிதம் வச்சிருந்தவன் நான். பயம் எண்டா என்னண்டு எனக்குத் தெரியாதோ?"

ஒரு வாரம் அவர் முகாமுக்குள்ளேயே இருந்தார். முகாமில் ஒரு பாத்திரம் விடாமல் தேய்த்து முடித்துவிட்டார். நான் தினமும் போய்ப் பார்த்து வந்தேன். அப்படிப் போயிருந்த ஒரு மாலையில் முகாம் வாசலில் முத்துமாரி வந்து நின்றாள். ஆபீசிலிருந்து நேராக நடந்தே வந்திருக்கிறாள். கை முழுக்கப் பட்டாசின் வெள்ளி மருந்து ஒட்டியிருந்தது. இடுப்புச் சேலைக்குள்ளிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"அண்ணாச்சி, இது அதானா? திரும்ப டிரம்முல பிடிச்சு வச்சேன். நீங்க சொன்னீகளேன்னு இன்னைக்கு எட்டிப் பாத்தேன். இந்தா துள்ளுது. எம் மூத்த பிள்ளைக்கும் நேத்துல இருந்து காய்ச்சல். ஆஸ்பத்திரியில சேத்துருக்கேன்."

அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஓம். அதுதான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பம் நான்தான் எம் பிள்ளையக் கொன்னேனா? தண்ணி வீணாப் போகக்கூடாதுன்னு சேத்துச் சேத்து வச்சேனே."

அவரும் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் நானும் அதைக் கேட்டேன்.

"தங்கச்சி, எனக்கும் ஒரு மகன் இருந்தவன். ஒன்பது வயசு. செல்லடிக்கு, குண்டுவீச்சுக்கு ஒளிக்கிறதுக்கு வீட்டுப் பின்னால நானே ஒரு பங்கர் வெட்டினனான். குழி. மழைக்கு அதுக்குள்ள தண்ணி நிண்டது. தண்ணியில நுளம்பு. எனக்குத் தெரியும், என்ர வேலையே அதுதான். ஆனா செல் விழேக்க பிள்ளையை அந்தக் குழிக்குள்ளதானே வைக்க வேணும்? வச்சன். செல்லில தப்பினவன், காய்ச்சல்ல போயிட்டான். பாதை பூட்டிக் கிடந்தது, மருந்துக் குளிசை வரேல்லை. நான் வெட்டின குழிதான். ஆனா நான் கொல்லேல்லை. நீயும் கொல்லேல்லை. விளங்குதோ?"

முத்துமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுது முடித்த பிறகுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அது சரி அண்ணாச்சி, புழு இருந்தா தண்ணிய ஏன் கொட்டணும்? எங்களால கொட்ட முடியாது, கொட்டச் சொன்னா ஒருத்தியும் கேக்க மாட்டா. துணியப் போட்டு வடிகட்டி வேற டிரம்முக்கு ஊத்திட்டு, காலி டிரம்மத் தேச்சா என்ன? ஆபீசுல மருந்தச் சலிக்கிற மாதிரிதான?"

அவர் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கையைத் தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நான் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. "இருபது வருசம் கொட்டினன் தம்பி! குளத்து ஊர்க்காரன், கொட்டத்தான் தெரியும். எனக்கு இது வரேல்லை. இந்தப் பிள்ளைக்கு வந்திருக்கு!"

அடுத்த நாள் கடையிலிருந்த மல்துணி உருளைகளை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு காலனிக்குப் போனேன். இந்த முறை யார் கேட்டாலும் சொல்வதற்குப் பதில் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. முத்துமாரி அவளுடைய ஆபீஸ் பெண்களைச் சேர்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரே நேரத்தில், எல்லா வீட்டிலும் துணியை நாலாக மடித்து வடிகட்டித் தேய்த்து மூட வேண்டும்; ஒரு வீடு விட்டாலும் பிரயோஜனம் இல்லை. கட்சிக்காரர் வீட்டு டிரம்மையும் அவர் கண்முன்னாலேயே தேய்த்தார்கள். வாராவாரம் இது நடந்தது. ஐந்தாவது வாரத்தில் அந்தக் காலனியில் புதிதாக யாரும் படுக்கவில்லை. முத்துமாரியின் மூத்த பெண் ஆஸ்பத்திரியிலிருந்து இளைத்துப்போய், ஆனால் நடந்து, வீடு வந்தாள். பக்கத்துக் காலனிப் பெண்கள் முத்துமாரியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி மறுபடியும் பெயிண்ட் வேலைக்கு வெளியே வந்ததை இன்ஸ்பெக்டரும் கண்டும் காணாமல் விட்டுவிட்டார். இரண்டு வருடம் கழித்துக் கொசு ஒழிப்புக்குத் தற்காலிகப் பணியாளர் எடுத்தபோது, அவள் பட்டாசு வேலையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தாள். அகதியான அண்ணாச்சிக்கு அந்த வேலை கிடைக்க வழியில்லை. அவள் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த முதல் நாள், முகாம் முழுக்க அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. போர் முடிந்த அந்த வருடம். அவருடைய ஒரே மகள் கல்யாணமாகி, புருஷன், பிள்ளையோடு வன்னியிலேயே தங்கிவிட்டவள். சண்டை கடற்கரைவரை நெருங்கிய மாதங்களில் அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. முகாமில் எல்லா வீட்டிலும் ரேடியோ, எல்லா வீட்டிலும் ஒரு பெயருக்காகக் காத்திருந்தார்கள். அவர் வேலைக்குப் போகவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நான் போனால் "வாங்கோ" என்பார், அவ்வளவுதான். ஒரு நாள் முத்துமாரி வழக்கமான சோதனைக்கு முகாமுக்கு வந்தவள், அவர் வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தாள். உள்ளே புழு துள்ளியது. அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.  அவள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரை வடித்து, தொட்டியைத் தேய்த்து, துணி கட்டினாள். முழு நேரமும் அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

போர் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. மகளைப் பற்றி வரவில்லை. சில வாரங்கள் போனதும், சாப்பிட வேண்டுமே என்று மறுபடியும் பெயிண்ட் வேலைக்குப் போக ஆரம்பித்தார். தொடர்புக்கு என் செல்போன் நம்பரைத்தான் அவர் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதி அனுப்பியிருந்தார். ஒரு நாள் நடுப்பகலில், கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண் குரல் அவர் பெயரைச் சொல்லி, "அப்பா நிக்கிறாரோ?" என்றது.

"அரை மணி நேரம் கழிச்சு இதே நம்பருக்குப் போடும்மா. போடாம இருந்துறாத!" என்று கத்திவிட்டு, கையிலிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

திருத்தங்கலில் ஒரு மாடி வீட்டுச் சுவரில், ஏணியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். நான் கீழேயிருந்து கத்தியது அவருக்குப் புரிவதற்கு நேரமானது. புரிந்ததும் ஏணியில் இறங்கவில்லை, சறுக்கினார். கை முழுக்கப் பச்சைப் பெயிண்ட். போனை அவரால் பிடிக்க முடியாது என்று நான் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். மணி அடித்ததும் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அப்பா."

அவர் குனிந்து போனுக்குப் பக்கத்தில் காதை வைத்தார்.

"அப்பா, நான்தான். நாங்கள் மூண்டு பேரும் இருக்கிறம். பிள்ளைக்குக் காலில காயம், ஆறியிட்டுது. முள்ளுக்கம்பி அடிச்ச முகாமில வச்சிருக்கினம். கேக்குதோ அப்பா?"

"கேக்குது" என்றார். "கேக்குது பிள்ளை. சொல்லு. நீ கதை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அவள் பேசினாள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பெயர் பெயராகச் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் "ஓம்" என்றார். இரண்டு மூன்று நிமிடத்தில் லைன் அறுந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, துக்கச் செய்தியா?" என்றார். அவர் இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டு என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

 ஆனைக்குட்டம் ரோட்டில் திரும்பியதும், என் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு பின்னால் எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, விழுந்துருவீக, உக்காருங்க!" என்றேன். அவர் காதில் விழவில்லை. வாழ்நாளில் சத்தமாகப் பேசி நான் கேட்டிராத மனிதர், எதிரே வந்த டவுன் பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார்: "என்ர பிள்ளை உயிரோட இருக்கு!"

லோடு லாரி டிரைவரைப் பார்த்துக் கத்தினார். ஆடு மேய்க்கும் பெரியவரைப் பார்த்துக் கத்தினார். ஒரு பட்டாசு ஆபீஸ் வாசலில் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்திருந்த பெண்கள் கூட்டம், பச்சைக் கையை வீசிக்கொண்டு வண்டியில் நின்றபடி வரும் ஆளைப் பார்த்துத் திகைத்தது. "இருக்கு! உயிரோட இருக்கு!" என்றார். யார் இருக்கிறார்கள், என்ன விஷயம் என்று அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒருத்தி தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குலவையிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

முகாம் வாசலில் அவர் மனைவி, இடுப்பில் குடத்தோடு, எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். வண்டி நிற்பதற்குள் அவர் குதித்து ஓடினார்.